ஆயிரத்து இருநூறு ரூபாயில் வீட்டு மாண்டிசோரி கணக்கு: எதை மலிவாகச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது

மகளுக்கு நான்கு வயது ஆனபோது வீட்டிலேயே கணக்கு சொல்லிக்கொடுக்கலாம் என்று முடிவெடுத்தேன். முடிவெடுத்த அன்றே செய்த முதல் தப்பு, ஆன்லைனில் 4,800 ரூபாய்க்கு ஒரு மாண்டிசோரி (பொருட்களைக் கையால் தொட்டு, எண்ணிக் கற்கும் முறை) கணக்குப் பெட்டியை ஆர்டர் போட்டது. பெட்டி அழகாகத்தான் வந்தது. பன்னிரண்டாம் நாள் சும்மா உட்கார்ந்து எண்ணிப் பார்த்தால், பத்து மணி கோத்திருக்க வேண்டிய கம்பிகளில் இரண்டில் ஒன்பதுதான் இருந்தது. திருப்பி அனுப்புவதற்கான கெடு ஏழு நாள், அது எப்போதோ முடிந்துவிட்டது. அதற்குள் மகளிடம் "இது பத்து, இது பத்து" என்று அந்த ஒன்பதையும் சேர்த்துக் காட்டியிருந்தேன்.

அதற்கப்புறம் ஒன்றரை மாதம் கடை கடையாக ஏறி இறங்கி, பாதியைக் கெடுத்து, மீதியை உருப்படியாகச் செய்து முடித்தேன். மொத்தம் 1,200 ரூபாய் ஆனது. இதில் நான் கற்றது ஒன்றுதான்: இந்தப் பொருட்கள் எவ்வளவு மலிவாக வேண்டுமானாலும் இருக்கலாம், அளவும் எண்ணிக்கையும் மட்டும் இம்மி பிசகக்கூடாது. கீழே ஒவ்வொரு படியிலும் அந்தக் கண்ணோட்டத்தில்தான் எழுதியிருக்கிறேன். விலையெல்லாம் நான் திருச்சியில் கொடுத்தது, உங்கள் ஊரில் கொஞ்சம் முன்னேபின்னே இருக்கும்.

1. கடைக்குப் போகும் முன் வரிசையை எழுதிக்கொள்ளுங்கள்

எல்லாவற்றையும் ஒரே நாளில் வாங்கி அடுக்கினால் குழந்தை எல்லாவற்றையும் ஒரே நாளில் கொட்டிக் கலக்கும். ஒன்று முடிந்த பிறகு அடுத்ததைச் செய்தால் போதும், பணமும் பிரிந்து பிரிந்துதான் செலவாகும்.

நாங்கள் போன வரிசை இது. முதலில் நீளக் கோல்கள் (நம்பர் ராட்ஸ் என்பார்கள்), மூன்று வாரம். பிறகு தடவிப் பார்க்கும் எண் அட்டைகள், அதுவும் மூன்று வாரம். குச்சிப் பெட்டி ஒரு வாரம், புளியங்கொட்டை ஒரு வாரம். அதற்குப் பிறகு பத்து, நூறு, ஆயிரம் காட்டும் மணிகளும் எண் அட்டைகளும், இது பல மாதம் ஓடும். ஐந்தரை வயதுக்கு மேல் தண்ணீர் பாட்டில் மூடிகளை வைத்துக் கணக்கு. உங்கள் குழந்தை வேகமாகப் போனால் போகட்டும், நின்றால் நிற்கட்டும். ஆனால் இந்த வரிசையைத் தாண்டிக் குதிக்காதீர்கள். "என் பையன் நூறு வரைக்கும் சொல்லுவான்" என்று சொல்பவர்கள் வீட்டில், ஏழு கரண்டி எடுத்து வா என்று சொல்லிப் பாருங்கள். வாயில் நூறு இருக்கும், கையில் ஏழு இருக்காது.

2. செலவுக் கணக்கு

மரக்கோல்களுக்கு ரீப்பர் (மெல்லிய மரச் சட்டம்) 260, வெட்டுக்கூலி 100, பெயிண்ட் 160, தேய்க்க உப்புத்தாள் 20. மணியும் கம்பியும் 220. ஐஸ் குச்சி 40. சார்ட் 60. கிராஃப் தாள் 40. ஃபெவிகால் 50. கோலமாவு 10. ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் 60. ரப்பர் பேண்ட் 10. வண்ண ஸ்டிக்கர் 20. ஒரு சின்ன கோரைப்பாய் 150. கூட்டினால் சரியாக 1,200 வரும்.

அட்டைப்பெட்டி மளிகைக் கடையில் சும்மா கிடைக்கும். தண்ணீர் பாட்டில் மூடிக்குக் கல்யாண மண்டபம் போதும், இரண்டு கல்யாணத்தில் எனக்கு நூறு மூடி சேர்ந்துவிட்டது. முதல் நாளிலேயே சேர்க்க ஆரம்பியுங்கள், தேவைப்படும்போது தேடினால் கிடைக்காது.

பாயை வீண் செலவு என்று நினைக்காதீர்கள். பாய் விரித்தால் கணக்கு, சுருட்டினால் முடிந்தது. மணி உருண்டாலும் பாயின் ஓரத்தில் நின்றுவிடும்.

ஏதாவது ஒன்றைக் கடையில் செட்டாகவே வாங்கப் போகிறீர்கள் என்றால் பில் வாங்குங்கள், வந்த அன்றே உட்கார்ந்து ஒவ்வொன்றாக எண்ணுங்கள், எண்ணுவதை போனில் வீடியோ எடுத்து வையுங்கள். பொம்மை என்று விற்பதற்கு 2021 ஜனவரி 1 முதல் ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

3. பத்துக் கோல்கள்: இதில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம்

பத்துக் கோல். முதலாவது 10 செ.மீ., இரண்டாவது 20 செ.மீ., இப்படியே பத்தாவது ஒரு மீட்டர். ஒவ்வொரு 10 செ.மீ.க்கும் சிவப்பு, நீலம், சிவப்பு, நீலம் என்று மாறி மாறி வரும், தொடக்கம் எப்போதும் சிவப்பு. எல்லாக் கோலின் நீளத்தையும் கூட்டினால் 550 செ.மீ., அதாவது பதினெட்டு அடியும் சொச்சமும். மரக்கடையில் ஒரு இஞ்சுக்கு ஒரு இஞ்ச் ரீப்பர் 20 அடி கேளுங்கள், அறுப்பதில் கொஞ்சம் போகும். ஒரு மீட்டர் கோல் ஒட்டுப்போடாமல் ஒரே துண்டில் வரும்படி கட்டையைப் பார்த்து எடுங்கள், வளைந்த கட்டையை எடுக்காதீர்கள்.

சார்ட் பேப்பரில் வெட்டி ஒட்டிக்கொள்ளலாமே என்று எனக்கும் தோன்றியது, செய்தும் பார்த்தேன். ஒரு மீட்டர் நீளத்துக்குச் சார்ட் கிடையாது, ஒட்டுப்போட்டால் மடங்கும். அதைவிடப் பெரிய குறை, அதில் கனம் இல்லை. பத்தாவது கோலைக் குழந்தை இரண்டு கையையும் அகல விரித்துத் தூக்கிக்கொண்டு, கதவில் இடிக்காமல் திரும்பி, பாய் வரைக்கும் கொண்டு வர வேண்டும். ஒன்று கைக்குள் அடங்கும், பத்து கையை மீறும். அந்த வித்தியாசத்தை உடம்பு உணர்வதற்குத்தான் இந்தக் கோலே. காகிதத்தில் அது வராது.

இங்கே நான் விழுந்த குழி. ஆசாரியிடம் "பத்து சென்டிமீட்டர், கிட்டத்தட்ட நாலு இஞ்ச்" என்று சொல்லித் தொலைத்தேன். அவர் "சரிம்மா" என்று சின்னக் கோல்களையெல்லாம் இஞ்சில் வெட்டினார், பெரிய கோல்களுக்கு நான் எழுதிக் கொடுத்த சென்டிமீட்டர் சீட்டைப் பார்த்து வெட்டினார். நாலு இஞ்ச் என்பது 10.16 செ.மீ. கண்ணுக்குத் தெரியாது. வீட்டுக்கு வந்து நாலாவது கோலையும் ஆறாவது கோலையும் சேர்த்து பத்தாவது கோலுக்குப் பக்கத்தில் வைத்தால், ஒன்றரை செ.மீ. துருத்திக்கொண்டு நிற்கிறது! நாலும் ஆறும் பத்து என்று இனி எந்த முகத்தோடு சொல்வது? ஆசாரி மேல் தப்பில்லை, கிட்டத்தட்ட என்று சொன்னது நான். ஒரே அளவில் பேசுங்கள், டேப்பைக் கையோடு கொண்டு போங்கள், வெட்டிய உடனே அங்கேயே ஒன்றோடு ஒன்று வைத்துப் பாருங்கள்.

பெயிண்ட் எனாமல் போதும், 50 மி.லி. டின் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒன்று. வீட்டில் கிடக்கும் பழைய டின் வேண்டாம். 2017 நவம்பர் முதல் வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் இருக்கக்கூடாது என்று விதி, புது டின்னின் மேல் அச்சிட்டிருப்பார்கள், படித்துப் பார்த்து வாங்குங்கள். இரண்டு கோட் அடித்து, வாசனை போகும்வரை ஒரு வாரம் மொட்டை மாடியிலோ வராந்தாவிலோ கிடக்கட்டும்.

சொல்லிக்கொடுக்கும் முறை மூன்று கட்டம், எல்லாப் பொருளுக்கும் இதேதான். மூன்று கோல் மட்டும் எடுத்து "இது ஒன்று, இது இரண்டு, இது மூன்று" என்று தொட்டுச் சொல்வது முதல் கட்டம். "இரண்டை எடுத்துக் கொடு", "மூன்றைக் கதவுக்கிட்ட வை" என்று வேலை வாங்குவது இரண்டாவது, இதில்தான் நிறைய நேரம் இருக்க வேண்டும். கையில் எடுத்துக்காட்டி "இது என்ன?" என்று கேட்பது மூன்றாவது. நாமெல்லாம் முதல் கட்டத்திலிருந்து நேராக மூன்றாவதுக்குத் தாவிவிடுகிறோம். குழந்தை முழிக்கும், நாம் கத்துவோம். பதில் தப்பாக வந்தால் "தப்பு" என்று சொல்ல வேண்டாம், "சரி, இன்னைக்குப் போதும்" என்று சுருட்டி வைத்துவிட்டு நாளைக்கு முதல் கட்டத்திலிருந்து வாருங்கள்.

4. தடவிப் பார்க்கும் எண்கள்: கோலமாவு போதும்

0 முதல் 9 வரை பத்து அட்டை. இதற்கு உப்புத்தாளை எண் வடிவில் வெட்டி ஒட்டுவார்கள். நான் முதலில் அப்படித்தான் செய்தேன். முன்பக்கம் சொரசொரப்பு, பென்சில் பிடிக்காது என்று பின்பக்கம் வரைந்து வெட்டினேன். திருப்பி ஒட்டினால் 2, 3, 7 எல்லாம் கண்ணாடியில் பார்த்த மாதிரி வலது இடது மாறி நின்றன. பின்பக்கம் வரைவதாக இருந்தால் கண்ணாடிப் பிம்பமாக வரைய வேண்டும். தாளும் 150ஆம் நம்பர் மாதிரி நைசாக இருக்க வேண்டும், 60ஆம் நம்பர் வாங்கினால் பிஞ்சு விரல் தேய்ந்துவிடும்.

இத்தனை வம்பும் வேண்டாம் என்றால் சார்ட் அட்டையில் எண்ணைப் பென்சிலால் எழுதி, அதன்மேல் ஃபெவிகாலைத் தடிமனாக இழுத்து, கோலமாவைத் தூவி ஒரு ராத்திரி காயவிடுங்கள். காலையில் தட்டி உதறிவிட்டால் வேலை முடிந்தது. தூவுவதையும் உதறுவதையும் வாசலில் வைத்துக்கொள்ளுங்கள், அந்தத் தூசி மூக்கில் ஏறினால் நல்லதல்ல.

குழந்தை ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் சேர்த்து, நாம் எழுதும் அதே திசையில் தடவ வேண்டும். தடவியதும் ஒரு தாம்பாளத்தில் அரிசியைப் பரப்பி அதில் எழுதட்டும். விஜயதசமி அன்று ஒரு நாள் செய்வதைத் தினமும் செய்கிறோம், அவ்வளவுதான்.

5. நாற்பத்தைந்து குச்சி, ஐம்பத்தைந்து புளியங்கொட்டை

பத்து பேப்பர் கப்பில் 0 முதல் 9 வரை எழுதி வரிசையாக வையுங்கள். ஒன்று எழுதிய கப்பில் ஒரு குச்சி, இரண்டில் இரண்டு, ஒன்பதில் ஒன்பது. 0 காலியாக இருக்கும். மொத்தம் 45 குச்சி. ஐஸ் குச்சி பாக்கெட்டில் 50 வரும், அதிலிருந்து ஐந்தை எடுத்து ஒளித்து வைத்துவிடுங்கள். நான் இதை அலட்சியமாக விட்டேன். 45 இருந்தால், கடைசிக் கப் நிரம்பும்போது குச்சியும் தீர்ந்துவிடும். குறைந்தாலோ மிஞ்சினாலோ எங்கேயோ தப்பு என்று குழந்தைக்கே தெரிந்துவிடும், நாம் வாயைத் திறக்கவே வேண்டாம். 50 இருந்தால் எப்போதும் ஐந்து மிஞ்சும், நாம் பக்கத்தில் உட்கார்ந்து "எண்ணிப் பார், எண்ணிப் பார்" என்று தொணதொணக்க வேண்டியிருக்கும். குச்சிகளைப் போடும் முன் ரப்பர் பேண்டால் கட்டச் சொல்லுங்கள், ஏழு என்பது ஒரு கட்டு என்று கைக்குத் தெரியட்டும்.

அடுத்தது 1 முதல் 10 வரை சீட்டு, 55 புளியங்கொட்டை. சீட்டை வரிசையாக வைத்து அதன் கீழே கொட்டைகளை ஜோடி ஜோடியாக அடுக்க வேண்டும். ஜோடி கிடைக்காமல் ஒன்று தனியாக நின்றால் ஒற்றை. நம் பாட்டிகள் கொட்டையைக் கைக்குள் மூடி "ஒத்தையா ரெட்டையா" என்று கேட்பார்களே, அதேதான், இங்கே கையைத் திறந்து காட்டுகிறோம். இரண்டு நாளில் அந்த விளையாட்டையும் சேர்த்து ஆடலாம்.

எச்சரிக்கை: புளியங்கொட்டைக்குப் பதிலாகக் குன்றிமணி எடுக்கவே எடுக்காதீர்கள். பிள்ளையார் கண்ணுக்கு வைக்கும் அந்தச் சிவப்பு கறுப்பு மணி கடுமையான விஷம். ஆமணக்கு விதையும் அப்படியே. புளியங்கொட்டையேகூட மூக்குக்குள் போகும். மூன்று வயதுக்குக் கீழே இன்னொரு குழந்தை வீட்டில் இருந்தால், அது தூங்கும் நேரத்தில் மட்டும் இதையும் மணிகளையும் வெளியே எடுங்கள், முடிந்ததும் எண்ணி உள்ளே வையுங்கள்.

6. பத்து, நூறு, ஆயிரம்

எனக்கு அதிக நேரம் தின்றது இதுதான், அதிகம் பயன்பட்டதும் இதுதான்.

மாண்டிசோரி வகுப்பில் தங்க நிற மணிகள் இருக்கும். ஒற்றை மணி ஒன்று. பத்து மணி கோத்த கம்பி பத்து. பத்துக் கம்பியைச் சேர்த்துக் கட்டிய சதுரம் நூறு. பத்துச் சதுரத்தை அடுக்கிய கன சதுரம் ஆயிரம். ஒற்றை ஒன்பது, கம்பி ஒன்பது, சதுரம் ஒன்பது, கன சதுரம் ஒன்று என்று முழுக்க மணியிலேயே செய்ய வேண்டுமென்றால் 1,999 மணி கோக்க வேண்டும். நான் கோக்க ஆரம்பித்தேன். மூன்றாவது சதுரத்தில் விரல் கொப்பளித்து நிறுத்திவிட்டேன். நீங்கள் ஆரம்பிக்கவே வேண்டாம்.

மணி 300 போதும். ஒற்றை மணி இருபது, பத்து மணிக் கம்பி பதினெட்டு, நூறு மணிச் சதுரம் ஒன்றே ஒன்று. மீதியெல்லாம் அட்டை. மணியை வாங்கும்போது 10 மி.மீ. என்று கேட்டு வாங்குங்கள், ஏனென்றால் பள்ளிக்கூட கிராஃப் தாளின் பெரிய கட்டம் ஒரு சென்டிமீட்டர். மணியும் கட்டமும் ஒத்துப்போனால் அட்டைச் சதுரத்தின் மேல் மணிச் சதுரத்தை வைத்துப் பார்க்கலாம், இரண்டும் ஒன்றேதான் என்று குழந்தை நம்பும். மலைக்கோட்டையைச் சுற்றியுள்ள ஃபேன்சி கடைகளில் ஒன்றில் 10 மி.மீ. என்று எழுதிய பாக்கெட்டிலேயே ஒன்பதும் பத்தும் கலந்து கிடந்தது. கடையிலேயே பத்து மணியைக் கோத்து ஸ்கேலில் வைத்துப் பாருங்கள், ஸ்கேலை நீங்கள்தான் கொண்டு போக வேண்டும். கம்பியின் இரண்டு முனையையும் கட்டிங் பிளேயரால் வளையமாக மடித்து உள்ளே அழுத்திவிடுங்கள், குத்தக்கூடாது.

அட்டைச் சதுரத்துக்கு அட்டைப்பெட்டியை 10க்கு 10 செ.மீ. வெட்டி, கனம் ஒரு செ.மீ. வரும்வரை ஒன்றன்மேல் ஒன்று ஒட்டுங்கள், அட்டையைப் பொறுத்து இரண்டு மூன்று அடுக்கு ஆகும். மேலே கிராஃப் தாளில் நூறு கட்டம் வெட்டி ஒட்டுங்கள். இப்படிப் பத்துச் சதுரம். கனம் சரியாக இருந்தால்தான் பத்தையும் அடுக்கினால் 10 செ.மீ. உயரக் கன சதுரம் வரும். ஒட்டியதும் மேலே நாலு புத்தகம் வைத்து ஒரு நாள் விடுங்கள், இல்லாவிட்டால் அப்பளம் போல வளைந்துவிடும்.

ஆயிரத்துக்கு மூன்று கன சதுரப் பெட்டி. சார்ட்டில் பெட்டி மடித்து ஆறு பக்கமும் கிராஃப் தாள் ஒட்டினேன். பெருமையாக மகளிடம் காட்டி "இதில் எத்தனை?" என்றேன். பெட்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்து ஒவ்வொரு பக்கமாக எண்ணி "ஆறு நூறு" என்றாள். அவள் கண்ணுக்கு ஆறு பக்கம்தானே தெரிகிறது! உள்ளே இருப்பதை யார் காட்டியது? அதனால் முதல் தடவை பெட்டியைக் காட்டவே கூடாது. பத்து அட்டைச் சதுரத்தை ஒவ்வொன்றாக "ஒரு நூறு, இரண்டு நூறு" என்று எண்ணி அடுக்கி, ரப்பர் பேண்ட் போட்டு, "பத்து நூறு, இதுதான் ஆயிரம்" என்று கொடுங்கள். ஒரு வாரம் இந்தக் கட்டுதான் ஆயிரம். அப்புறம் அதன் பக்கத்தில் பெட்டியை வைத்து உயரம், அகலம் ஒத்துப்பார்த்துவிட்டுத்தான் பெட்டிக்கு மாற வேண்டும்.

நோட்டும் சில்லறையும் வைத்துச் சொல்லிக்கொடுத்தால் செலவே இல்லையே என்று கேட்பீர்கள். நூறு ரூபாய் நோட்டு பத்து ரூபாய் நோட்டைப் போல பத்து மடங்கா இருக்கிறது? கொஞ்சம் பெரிதாக இருக்கும், அவ்வளவுதான். நோட்டில் நூறு என்பது நாம் ஒத்துக்கொண்ட ஒரு பேச்சு, மணியில் நூறு என்பது நூறு மணி. காசுக்கு ஆறு வயதுக்கு மேல் வரலாம்.

7. எண் அட்டைகளும், தொண்ணூறு என்ற தொல்லையும்

1 முதல் 9, 10 முதல் 90, 100 முதல் 900, 1000 முதல் 9000, மொத்தம் 36 அட்டை. ஒன்று பச்சை, பத்து நீலம், நூறு சிவப்பு, ஆயிரம் மறுபடி பச்சை. ஓர் இலக்கத்துக்கு 4 செ.மீ. அகலம் என்று வைத்தால் அட்டைகள் 4, 8, 12, 16 செ.மீ. அகலத்தில் வரும். 2000, 300, 40, 5 என்ற நாலு அட்டையையும் வலது ஓரம் பொருந்த ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் 2345 தெரிய வேண்டும்.

கம்ப்யூட்டரில் தயாரித்து ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் போட்டால் ஒரு சிக்கல் வரும். அவர்கள் மெஷினில் தாளுக்குள் அடங்கும்படி தானாகச் சுருக்கும் அமைப்பு போட்டிருப்பார்கள். என் 16 செ.மீ. அட்டை 15.4ஆக வந்தது. "சுருக்காம நூறு பர்சென்ட்ல போடுங்கண்ணா" என்று சொல்லி, முதல் பக்கத்தை அங்கேயே ஸ்கேல் வைத்து அளந்துவிட்டு மீதியைப் போடச் சொல்லுங்கள். இல்லையென்றால் கையாலேயே ஸ்கெட்ச் பேனாவில் எழுதிவிடலாம், குழந்தைக்கு ஒரு குறையும் இல்லை.

இப்போது தமிழில் வரும் ஒரு சிக்கல். எண்பது என்றால் எட்டுப் பத்து. தொண்ணூறு என்றால்? ஒன்பது பத்து, ஆனால் காதில் நூறு என்று விழுகிறது. எண்ணூறு எட்டு நூறு, தொள்ளாயிரம் ஒன்பது நூறு, ஆனால் காதில் ஆயிரம் என்று விழுகிறது. "தொண்ணூறு கொண்டு வா" என்றால் என் மகள் கம்பியைத் தொடாமல் நேராகச் சதுரங்களிடம் போனாள். தொள்ளாயிரத்துக்குப் பெட்டியைத் தூக்கி வந்தாள். அவள் மேல் என்ன தப்பு? ஆகவே முதல் இரண்டு மாதம் எல்லா எண்ணையும் "மூன்று பத்து", "ஒன்பது பத்து", "ஒன்பது நூறு" என்று மட்டும் சொல்லுங்கள். முப்பது, முந்நூறு, தொண்ணூறு என்ற பெயரெல்லாம் கை பழகிய பிறகு வரட்டும்.

பதினொன்றிலிருந்து பத்தொன்பது வரை தமிழ்தான் நமக்குச் சாதகம். பதினொன்று என்ற சொல்லிலேயே பத்தும் ஒன்றும் இருக்கிறது, ஆங்கில லெவன், ட்வெல்வில் அது ஒளிந்துகொள்கிறது. ஆங்கில வழிப் பள்ளியில் படிக்கும் பிள்ளைக்கும் இந்த இடத்தில் தமிழில் முதலில் சொல்லிவிட்டு, ஒரு வாரம் கழித்து ஆங்கிலப் பெயரைச் சொன்னேன், தெர்ட்டீனா தெர்ட்டியா என்ற குழப்பம் குறைந்தது.

8. பேங்க் விளையாட்டு, அப்புறம் மூடிகள்

மணி, கம்பி, சதுரம், பெட்டி எல்லாவற்றையும் ஒரு தட்டில் வைத்து நீங்கள் பேங்க் ஆகிவிடுங்கள். பத்து ஒற்றை சேர்ந்தால் கொடுத்துவிட்டு ஒரு கம்பி வாங்க வேண்டும். கழிக்கும்போது ஒற்றை போதாவிட்டால் ஒரு கம்பியைக் கொடுத்துப் பத்து ஒற்றை வாங்க வேண்டும். பள்ளியில் "கடன் வாங்கு" என்று சொல்லித் தரும் அதே கணக்கு, ஆனால் இங்கே யாரும் கடன் வாங்குவதில்லை, சில்லறை மாற்றுகிறோம். நான் அந்தக் "கடன்" என்ற சொல்லையே வீட்டில் எடுத்துவிட்டேன். முதல் இரண்டு வாரம் மாற்ற வேண்டிய அவசியமே வராத கணக்காகக் கொடுங்கள், 2143ஓடு 1325 மாதிரி. ஆயிரத்துக்குப் பெட்டி மூன்றுதான் இருக்கிறது என்பதையும் மனதில் வைத்துக்கொண்டு எண்ணைத் தேர்ந்தெடுங்கள்.

இது கைவந்த பிறகு மூடி. ஒன்று, பத்து, நூறு ஆகியவற்றுக்கு முப்பது முப்பது, ஆயிரத்துக்குப் பத்து. சோப்புத் தண்ணீரில் கழுவி, மேலே பச்சை, நீலம், சிவப்பு, பச்சை ஸ்டிக்கர் ஒட்டி 1, 10, 100, 1000 எழுதுங்கள். எல்லா மூடியும் ஒரே அளவில் இருக்க வேண்டும், கம்பெனிக்குக் கம்பெனி அளவு மாறும். இங்கே நூறு என்பது பெரிதாக இருக்காது, எழுதியிருப்பதை நம்ப வேண்டும், அதனால்தான் இது மணிக்குப் பிறகு வருகிறது. நேராக மூடியில் ஆரம்பித்தால் நோட்டில் ஆரம்பித்த கதைதான்.

வகுத்தலுக்குச் செஸ் சிப்பாய்களை ஆட்களாக நிறுத்திப் பங்கு போடச் சொல்லுங்கள். பெரிய மதிப்புள்ள மூடியிலிருந்து ஆரம்பிக்க வேண்டும், பங்கு போட முடியாமல் மிஞ்சும் ஆயிரத்தை நூறாக மாற்ற வேண்டும். இதைக் குழந்தைகள் சண்டை போட்டுக்கொண்டு நியாயமாகச் செய்வார்கள்.

9. நேரமும் நோட்டும்

தினம் பதினைந்து நிமிடம், அதிகம் போனால் இருபது. காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு எங்களுக்கு ஒத்துவந்தது. பள்ளி விட்டு வந்ததும் வைத்தால் அழுகைதான் மிச்சம். வாரத்துக்கு ஒரு புதிய விஷயம் போதும். ஒரு நோட்டில் தேதி, எடுத்த பொருள், செய்தாளா தடுமாறினாளா என்று ஒரே வரி எழுதுங்கள். ஒரு மாதம் கழித்துப் புரட்டினால் நாம் எங்கே அவசரப்பட்டோம் என்று தெரியும்.

பள்ளிக்கூடத்தோடு ஒத்துப்போக வேண்டுமென்றால் தமிழ்நாடு பாடநூல் கழகத்தின் தளத்தில் ஒன்றாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தை இலவசமாக இறக்கி, எந்தப் பாடத்துக்கு எந்தப் பொருள் என்று ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

10. காகிதங்கள்

பள்ளிக்குப் போகும் பிள்ளைக்கு மாலையில் வீட்டில் சொல்லிக்கொடுக்க எந்தக் காகிதமும் தேவையில்லை. ஆறு வயதுக்குப் பிறகும் வீட்டிலேயே வைத்துப் படிப்பிப்பது என்று முடிவெடுப்பவர்கள் கொஞ்சம் கவனமாக இருக்க வேண்டும். கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகளைப் பற்றிப் பேசுகிறது. நடுவில் பள்ளியில் சேர்க்கப் போனால் வயதுக்கு ஏற்ற வகுப்பில் சேர்க்க அந்தச் சட்டம் இடம் தருகிறது, வயதுச் சான்று இல்லை என்பதற்காக மறுக்கக்கூடாது என்றும் சொல்கிறது. ஆனாலும் பிறப்புச் சான்றிதழ், ஆதார், தடுப்பூசி அட்டை மூன்றையும் இரண்டு நகல் எடுத்து வையுங்கள், மேலே சொன்ன தேதி போட்ட நோட்டையும் தூக்கிப் போடாதீர்கள். வீட்டிலிருந்தே படித்துத் தேர்வெழுத வழி தரும் தேசியத் திறந்தவெளிப் பள்ளியில் (என்ஐஓஎஸ்) ஏ, பி, சி என்று மூன்று நிலை உண்டு, முறையே மூன்றாம், ஐந்தாம், எட்டாம் வகுப்புக்குச் சமம். அதன் பத்தாம் வகுப்புக்குக் குறைந்தது 14 வயது ஆகியிருக்க வேண்டும்.

என் மகளுக்கு இப்போது ஆறே கால் வயது. இப்போதெல்லாம் மூடியை எடுக்காமலே கழிக்கிறாள், விடை ஒத்துவராவிட்டால் மட்டும் டப்பாவை இழுத்து வருகிறாள். கோல்களையும் குச்சிகளையும் போன மாதம் பக்கத்து வீட்டுப் பையனுக்குக் கொடுத்துவிட்டேன். கொடுக்கும் முன் எண்ணினேன், 44தான் இருந்தது. சோபாவுக்கு அடியிலிருந்து ஒன்றை எடுத்துச் சேர்த்துத்தான் கொடுத்தேன்.